ஆப்பிள் சக்கையில் கை வைத்தது யார்?

அத்தியாயம் 7

மருந்துக் கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். மோந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்கா?"

"எனக்கு என்ன?"

"மலச்சிக்கல். படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன், வெந்நீர்ல கலக்கிக் குடிங்க. காலையில ஜம்முனு போகும்."

"விஷம் எதுவும் இல்லையா?"

"விஷமா? வெறும் நார்ச்சத்துங்க. குழந்தைக்குக்கூடக் குடுக்கலாம்."

வாலு அலமாரியில் இருந்த பற்பசை டப்பாக்களை ரசிப்பது போலத் திரும்பி நின்றுகொண்டான். அக்கா பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை.

இந்த அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் துப்பறியும் வேலைக்கு வந்த பிறகு வழக்கோடு வருகிறவர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும், பிடிபட்ட திருடர்களுக்கும்கூட அவள் அக்காதான். வாலு உண்மையிலேயே கூடப் பிறந்த தம்பி. உதவியாளர் என்று கார்டில் போட்டுக்கொள்வான். கார்டில் போடாத ஒன்று அவன் வாய். அது எந்த நேரத்தில் எதைக் கொட்டும் என்று அவனுக்கே தெரியாது.

நேற்று கொட்டியதுதான் இப்போது இரண்டு பேர் தலையையும் குனிய வைத்திருந்தது.

அவர்களைத் துப்பறியக் கூப்பிட்டது ஒரு நாய்த் தீனி ஃபேக்டரி. முதலாளியின் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து ஜூஸ் ஃபேக்டரியில் ஆப்பிளைப் பிழிந்துவிட்டுத் தோலும் சக்கையுமாக வெளியே தள்ளுகிறார்கள். அதை வாங்கிக் காயவைத்துப் பொடியாக்கி, உலர்ந்த தீனியில் நார்ச்சத்துக்காகச் சேர்த்தால் என்ன? சேர்த்தார்கள். முதலில் ஓஹோவென்று போனது. பிறகு கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வர ஆரம்பித்தது. நாய்கள் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றனவாம். தப்பித் தவறித் தின்ற நாய்களுக்கு வயிறு கலக்கிவிடுகிறதாம்.

"என் ஃபார்முலா சரியாத்தான் இருக்கு. சக்கையில யாரோ எதையோ கலக்கறாங்க" என்றார் மாப்பிள்ளை. சக்கை காய்வது டிரையரில். டிரையரை ஓட்டுகிறவர் ஒரே ஆள். அப்புறம் என்ன, கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

நேற்று ஷிஃப்ட் விட்டு எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில், ஃபேக்டரி முற்றத்தில் வைத்து, அக்கா அந்த டிரையர்க்காரரின் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா விழுந்தது. துண்டு விழுந்தது. காகிதத்தில் மடித்த பழுப்பு நிறப் பொடி விழுந்தது. "அதோ!" என்று கத்தினார் மாப்பிள்ளை. இது என்ன என்று அக்கா மிரட்டிக் கேட்டாள். நாலைந்து முறை கேட்ட பிறகு டிரையர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வயித்துக்கு" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் வாலு சொன்னான்: "இவருக்கே நார்ச்சத்து பத்தலையாம். நாய்க்கு எங்கேர்ந்து குடுப்பாரு?"

முற்றம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரையர்க்காரரிடம், பொடி என்னவென்று தெரிகிற வரை உள்ளே வராதே, நாளைக்குச் சாயங்காலம் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

மருந்துக் கடையை விட்டு இறங்கியதும் அக்கா நின்றாள்.

"டேய், நேத்து அந்த ஜோக் தேவையாடா?"

"எல்லாரும் சிரிச்சாங்களேக்கா."

"அதைத்தான் கேக்கறேன்."

"நீ பையைக் கொட்டாம இருந்தா நான் வாயைக் கொட்டியிருக்க மாட்டேன்" என்று சொல்ல நினைத்த வாலு, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி அறையை ஒட்டிய பெஞ்சில் டிரையர்க்காரர் உட்கார்ந்திருந்தார். காலையில் வேலைக்குப் போகிறவர் மாதிரியே சட்டை பேன்ட் போட்டு, மடியில் பையை வைத்திருந்தார். உள்ளே போன ஒரு லோடுமேன், "என்ன நார்ச்சத்து அண்ணே, இன்னிக்குச் சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் வந்தவன் சிரித்தான். டிரையர்க்காரர் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"ஏன் இங்கயே உக்காந்திருக்காரு?" அக்கா செக்யூரிட்டியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வீட்ல சொல்லலையாம் மேடம். வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. போலீஸ் வந்தா இங்கயே பிடிச்சுக்கட்டும், வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிட்டா பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு சொல்றாரு."

அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் துணிவு வரவில்லை. பெஞ்சைப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

"இப்ப நம்ம கையில என்ன இருக்கு?" என்றான் வாலு.

"ஒண்ணுமில்ல."

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுமில்லாததை வெச்சு ஒருத்தரைக் காப்பாத்தணும். சரி, செய்வோம்."

"கடையிலேர்ந்து திரும்பி வந்த மூட்டை ஒண்ணைத் தூக்கு. நாயைத்தானே யாரும் இன்னும் விசாரிக்கல?"

வாலு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். "விசாரணையில அடிக்கக் கூடாதுக்கா. திருப்பிக் கடிக்கும்."

ஃபேக்டரியின் பின்கட்டில் இருந்தது கென்னல். வெள்ளை டைல்ஸ் போட்ட நீள அறை. ஃபேக்டரியே வளர்க்கிற சோதனை நாய்கள் கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தன. தரையில் சப்பணம் போட்டு, குண்டன் என்கிற நாயின் காதைச் சொறிந்தபடி மாப்பிள்ளை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்க ரோமம். ஆள் வந்த சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார். அவர் படித்த படிப்புக்கு மேனேஜர் என்றோ எஞ்சினியர் என்றோ கூப்பிடலாம். ஆனால் முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் வெறும் மாப்பிள்ளைதான்.

"பொடி என்ன ஆச்சு? விஷம்தானே?" என்று ஆவலாகக் கேட்டார்.

"அதை அப்புறம் சொல்றேன். உங்க டெஸ்ட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

மாப்பிள்ளைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சோதனை சுலபமானதுதான். ஒரு கிண்ணத்தில் பழைய தீனி. இன்னொன்றில் ஆப்பிள் சக்கை சேர்த்த தீனி. இரண்டையும் அறையின் இரண்டு மூலைகளில் வைத்துவிட்டு நாயைத் திறந்துவிட வேண்டும். அது எதில் முதலில் வாய் வைக்கிறதோ அதற்கு ஒரு மதிப்பெண்.

"முதல்ல கொஞ்சமா சக்கை போட்டோம். எங்க நாய்ங்க அதைத்தான் தேடி வந்துச்சு. இன்னும் ஏத்தினோம், அப்பவும் அதேதான். அப்புறம் இன்னும் ஏத்தினோம். ஒரு தடவைகூடத் தோக்கல மேடம்! மாமா மொத தடவையா என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுச் சாப்பிட்டாரு."

அவர் தண்ணீர் எடுக்க நகர்ந்த நேரத்தில் அக்கா கண்ணைக் காட்டினாள். வாலு சக்கைத் தீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, தோளில் வந்த மூட்டையிலிருந்து நிரப்பிவிட்டான். இந்த மாதிரி வேலைகளில் அவன் கை அவன் வாயை விடச் சுத்தம்.

மாப்பிள்ளை கிண்ணங்களை வைத்தார். சக்கைத் தீனிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கதவைத் திறக்கச் சொன்னார். குண்டன் பாய்ந்து வந்தது, பழைய தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சக்கைத் தீனியில் மூக்கை விட்டது. அடுத்து மூக்கன். அதுவும் அங்கேதான். கடைசியாக, எதற்கும் அவசரப்படாத மகாராணி என்கிற கிழட்டு நாய். அதுவும் ஆடி அசைந்து அதே கிண்ணத்துக்குத்தான் போனது.

"பாத்தீங்களா!" மாப்பிள்ளை பலகையில் சாக்பீஸால் கோடுகள் போட்டார். "இந்த ருசியை ஒருத்தன் கெடுத்து வெக்கறான்னா எனக்கு எப்படி இருக்கும்?"

"மாப்பிள்ளை சார், உங்க நாய்ங்க இப்ப தேடி வந்தது கெட்டுப் போச்சுன்னு திரும்பி வந்த மூட்டை."

சாக்பீஸ் பாதிக் கோட்டில் நின்றது.

"புரியல" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கும்தான்" என்றான் வாலு. "ஒண்ணு, இந்த நாய்ங்களுக்கு ருசி தெரியல. இல்லேன்னா கடைக்கு வர்ற நாய்ங்களுக்குத் திமிரு ஜாஸ்தி."

அக்கா கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரே நாளில் வாங்கியவை. பழைய தீனிக் கிண்ணத்தின் விளிம்பு முழுக்கப் பல் தடம், சொரசொரவென்று நக்கித் தேய்ந்திருந்தது. சக்கைத் தீனிக் கிண்ணத்தின் விளிம்பு கடையிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

"டேய், ஜெயிக்கிற கிண்ணம் ஏன்டா புதுசாவே இருக்கு?"

வாலு கிண்ணத்தை விட்டுவிட்டு நாய்களைப் பார்த்தான். மாப்பிள்ளை பலகைப் பக்கம் திரும்பி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், மூன்று நாய்களும் அசடு வழிய நழுவிப் போய்ப் பழைய தீனியைக் கூட்டாக அமுக்கிக்கொண்டிருந்தன.

"வாய் வைக்கிறது இங்க, சாப்பிடறது அங்க" என்றான் மெதுவாக. "அப்ப இங்க எதுக்குக்கா வருதுங்க?"

அக்கா அண்ணாந்து பார்த்தாள். அறையின் குறுக்கே ஒரு கம்பி ஓடியது. வளையங்கள் மட்டும் தொங்கின.

"இது எதுக்கு?"

"திரைக்கு" என்றார் மாப்பிள்ளை. "கிண்ணத்தை வெச்சுட்டுத் திரைக்குப் பின்னாடி போயிடணும்னு ஒரு முறை இருக்கு."

"திரை எங்க?"

மாப்பிள்ளை லேசாகச் சிரித்தார். "நான்தான் கழட்டிட்டேன். அவங்க ஓடி வர்றதைப் பாக்கணும்னு ஆசை மேடம். மாமா வீட்ல நான் உள்ள நுழைஞ்சா ஆளுக்கொரு பக்கம் எழுந்து போயிடுவாங்க. இங்க பாருங்க, எல்லாரும் என் பக்கம் வர்றாங்க."

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழக்கமாக அந்த நொடியில் அவள் சொடக்குப் போடுவாள். இன்று விரல் எழவில்லை. வாலுவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நேத்து ஒருத்தரை நிக்க வெச்சு மானத்தை வாங்கினோம். இன்னிக்கு இவர் மானத்தையும் வாங்கணும்டா. வேற வழி இருக்கா?"

"வெளிய பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருக்காருக்கா."

"தெரியும். முதலாளியை மட்டும் கூட்டிட்டு வா. கூட்டம் வேண்டாம்."

முதலாளி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். "கண்டுபிடிச்சாச்சா? போலீஸுக்குப் போன் போடட்டுமா?"

"ஒரே ஒரு டெஸ்ட். அப்புறம் போடுங்க."

அக்கா நாய்களை உள்ளே அடைக்கச் சொன்னாள். ஒரு கிண்ணத்தில் பழைய தீனியைக் குவித்து ஒரு மூலையில் வைத்தாள். இன்னொரு கிண்ணத்தைத் துடைத்து எடுத்து எதிர் மூலையில் வைத்தாள்.

"இதுல எதுவும் போடலையே?" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம். நீங்க எப்பவும் போல அதுக்குப் பக்கத்துல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வாலு கதவைத் திறந்தான்.

குண்டன் பாய்ந்து வந்தது. குவித்து வைத்திருந்த தீனியைத் தாண்டி ஓடி, காலிக் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டது. பிறகு மாப்பிள்ளையின் கையை நக்கியது. மூக்கன் அவர் மடியில் ஏறியது. மகாராணி ஆடி அசைந்து வந்து காலிக் கிண்ணத்தை ஒருமுறை மோந்துவிட்டு, அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. வால்கள் மட்டும் டைல்ஸில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். எதிர் மூலையில் யாரும் தொடாத தீனியைப் பார்த்தார். பிறகு கழற்றிய திரையின் கம்பியைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்தன.

"அப்ப... அவங்களுக்கு அது பிடிக்கவே இல்லையா?"

"பிடிக்கல" என்றாள் அக்கா. "சக்கை மேல தப்பு இல்ல. அளவோட இருந்தா அது நல்ல நார்ச்சத்துதான். நீங்க இந்த டெஸ்ட்டை நம்பி ஏத்திக்கிட்டே போயிட்டீங்க. கடைக்கு வர்ற நாய்ங்களுக்கு உங்களைத் தெரியாது. அதுங்க தீனியை மட்டும்தான் பாத்துச்சு. யாரும் எதையும் கலக்கல சார். டிரையர்ல எல்லாம் சரியாத்தான் காஞ்சிருக்கு."

"நாய் உன்னைக் கொஞ்சறதுக்கா நான் இத்தனை மூட்டை சக்கை வாங்கினேன்?" என்று முதலாளி கத்தினார். கத்தியதும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. யார் சொன்ன உடனே தலையாட்டி ஒரு ஆளைக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தோம் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, விடு. அவரை என் ரூமுக்குக் கூட்டி வாங்க. ஒரு டீயைக் குடுத்துப் பேசி முடிச்சிடலாம்."

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். நாய்கள் விடவில்லை. ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்தார். இந்த முறை சட்டையில் ஒட்டிய ரோமத்தைத் தட்டிவிடத் தோன்றவில்லை அவருக்கு.

கேட்டுக்கு நாலு பேரும் போனார்கள். அக்கா பொட்டலத்தை நீட்டினாள். முதலாளி தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. மேல ரூமுக்கு வாங்க, ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

டிரையர்க்காரர் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை மூடினார். எழுந்திருக்கவில்லை.

"நான் எதையும் கலக்கலைன்னு தெரிஞ்சு போச்சுங்களா?"

"தெரிஞ்சு போச்சு" என்றார் முதலாளி.

"என் பையை எல்லாரும் பாக்கத்தானே கொட்டினீங்க? மன்னிப்பை மட்டும் ஏன் ரூமுக்குள்ள வெச்சுக் குடுக்கறீங்க?"

உள்ளே ஷிஃப்ட் முடிந்த மணி அடித்தது.

"வாங்கண்ணே" என்றார் மாப்பிள்ளை. ஃபேக்டரியில் அவர் ஒருவரை அண்ணே என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "முற்றத்துக்கே போகலாம்."

ஆட்கள் டப்பாவும் பையுமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நடுவில் போய் நின்று கையைத் தூக்கினார். கூட்டம் நின்றது.

"நேத்து இவரை இங்க நிக்க வெச்சது நான். சக்கையில இவர் எதையும் கலக்கல. தப்பு என் டெஸ்ட்டுல. நாய்ங்க தீனிக்கு வரல, எனக்காக வந்துச்சு. அது தெரியாம நான்..." யாரோ பின்னால் களுக்கென்றார்கள். அவர் கேட்டும் கேட்காதவராகத் தொடர்ந்தார். "நான் இவர் மேல பழியைப் போட்டேன். மன்னிச்சுடுங்கண்ணே."

முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நானும்தான்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அக்கா முன்னால் வந்தாள். "பையைக் கொட்டினது நான். பொடி என்னன்னு தெரிஞ்சுக்காமலே கொட்டினேன். அது மருந்து. இவர் அப்பவே சொன்னார், நான் நம்பல. மன்னிச்சுடுங்க."

டிரையர்க்காரர் தலையசைத்தார். பிறகு வாலுவைப் பார்த்தார்.

வாலு நடந்து வந்து நடுவில் நின்றான். அவன் வந்து நின்றதுமே முற்றத்தில் பாதிப் பேர் முகத்தில் இளிப்பு. நேற்றுச் சிரிக்க வைத்தவன் ஆயிற்றே, இன்று என்ன சொல்லப் போகிறானோ!

"நேத்து நான் ஒண்ணு சொன்னேன்..." என்று ஆரம்பித்தான்.

சிரிப்பு வெடித்தது. "நார்ச்சத்து!" என்று ஒரு குரல் கத்தியது. டிரையர்க்காரரின் கை பையின் ஜிப்பைத் தேடிப் போனது. வாலுவின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் ரெடியாக இருந்தது. நல்ல ஜோக். அதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், டிரையர்க்காரரும்கூட வேறு வழியில்லாமல் சிரிப்பார். எல்லாம் சரியாகிவிட்டது போல வீட்டுக்குப் போய்விடலாம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். காது மடல் எரிந்தது. முன்வரிசையில் சிரிப்பு நின்றது, நடுவில் நின்றது. பின்னால் ஒருவன் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் ஓயும்வரை வாலு காத்திருந்தான்.

பிறகு டிரையர்க்காரரின் முகத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.